அவன் நின்ன இடம்

எங்க அண்ணனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லச் சொன்னா, மூணோட நின்னுடுவேன். கை நடுங்காம படம் எடுப்பான். சொன்ன நேரத்துக்கு வந்து நிப்பான். குடியை விட்டுட்டான். அவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்டீங்கன்னா என் வாய் சும்மா இருக்காது, அதனால கேக்காதீங்க.

எங்க ரெண்டு பேருக்கும் தொழில் ஒண்ணுதான். விசேஷங்கள்ல அவன் மேடைக்கு முன்னாடி நின்னு படம் எடுப்பான். நான் வாசல் பக்கம் ஒரு மேசையைப் போட்டுக்கிட்டு லேப்டாப்பும் பிரிண்டருமா உட்கார்ந்திருப்பேன். அவன் கேமரா மேல தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கும். அவன் பட்டனை அமுக்கின கையோட, வயர் கியர் ஒண்ணும் இல்லாம படம் என் திரையில வந்து விழுந்துடும். முகத்துல எண்ணெய் வழிஞ்சா துடைப்பேன், பருவை எடுப்பேன், கோணலை நிமிர்த்துவேன், பிரிண்ட் போடுவேன். மேடையேறி கை குலுக்கிட்டு இறங்கினவங்க சாப்பிட்டுக் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள, அட்டையில செருகின படம் மேசையில தயாரா இருக்கும். "அதுக்குள்ளயா!"ன்னு வாயைப் பிளப்பாங்க. அந்த 'அதுக்குள்ளயா'வுக்காகத்தான் எங்களைக் கூப்பிடறதே.

இதுல ஒரு கூத்து என்னன்னா, அவன் எதைப் பாக்கறானோ அதை நானும் உடனே பாத்துடுவேன். படம் வர்ற வேகத்தை வெச்சே சொல்லிடுவேன், ஐயா டீ குடிக்கப் போயிட்டாரா, இல்ல வீடியோக்காரன்கூட மல்லுக்கு நிக்கறாரான்னு. எங்கிட்ட அவன் எதையும் மறைக்க முடியாது. அன்னிக்கும் முடியல.

அது ஒரு கல்யாண வரவேற்பு, பகல் விசேஷம். மண்டப மேனேஜர் போன்ல சொன்ன வேலை. யார் வீட்டு விசேஷம்னு எல்லாம் நாங்க கேக்கறதில்லை. யார் வீடா இருந்தா நமக்கென்ன, எல்லா வீட்டு மாப்பிள்ளையும் படத்துல முழிக்கத்தான் போறான்.

முதல்ல மேடை வந்துச்சு, பூ அலங்காரம் வந்துச்சு. அப்புறம் பொண்ணோட முகம், கிட்டத்துல. நான் வழக்கம் போல பெருசாக்கிப் பாத்தேன். இடது புருவத்துக்கு மேல, மேக்கப்பையும் மீறி, சாய்வா ஒரு பழைய தழும்பு. என் கை தானா பிரஷ்ஷை எடுத்துப் பூசி விட்டுடுச்சு. அடுத்த படம். அதுலயும் எடுத்தேன். மூணாவது படத்துல பொண்ணுக்குப் பின்னாடி நின்னு ஒருத்தங்க தலைமுடியைச் சரி பண்ணிட்டிருந்தாங்க. அந்த முகத்தையும் பெருசாக்கிப் பாத்தேன்.

அண்ணி. முடி நரைச்சுப்போய், கண்ணாடி போட்டு, ஆனா அண்ணியேதான்.

அப்படின்னா அந்தப் பொண்ணு எங்க பாப்பா. அந்தத் தழும்பு எங்க அண்ணன் பண்ணினது.

சுருக்கமா சொல்லிடறேன், நீட்டிச் சொல்ல எனக்கே அசிங்கமா இருக்கு. பாப்பாவுக்கு ரெண்டு வயசு இருக்கும். அண்ணிக்குக் காய்ச்சல்னு குழந்தையைத் தூக்கிட்டு வேலைக்குப் போனான். போன இடத்துல மூக்கு முட்டக் குடிச்சான். குழந்தை லைட் ஸ்டாண்டைப் பிடிச்சு இழுத்திருக்கு, ஸ்டாண்டு குழந்தை மேலயே சாஞ்சிருக்கு. ரத்தம் வழிய அது மேடைக்குப் பின்னாடி அழுதுட்டுக் கெடக்குது, இவன் எங்கயோ குப்புறக் கெடக்கான். யாரோ புண்ணியவான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. மறுநாள் அண்ணி குழந்தையோட கெளம்பிட்டாங்க. போகும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "அவகிட்ட அப்பா செத்துட்டார்னு சொல்லப் போறேன். உங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருந்தா அதைப் பொய்யாக்கிடாதீங்க." இவன் தலையாட்டினான். அதுக்கப்புறம் ஒரு சொட்டு தொடலை. என்ன பிரயோஜனம்? குழந்தை போயிடுச்சே.

அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தான், அதையும் சொல்லணும். பாப்பா கேமராவைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கும். இவன் பதறின மாதிரி, "ஐயய்யோ, மூக்கைக் காணோமே! யாரு எடுத்தா?"ம்பான். அது சட்டுனு மூக்கைத் தொட்டுப் பாத்துட்டு, கெக்கெக்கேன்னு சிரிக்கும். அந்தச் சிரிப்பைத்தான் எடுப்பான். வீடு பூரா அந்தப் படம்தான்.

திரையில அடுத்து ரெண்டு படம் வந்துச்சு. ரெண்டும் ஆட்டம். எது முகம் எது பூன்னே தெரியலை. என் அண்ணன் கையில கேமரா ஆடி நான் பாத்ததே இல்லை. அப்புறம் படமே வரலை.

கொஞ்ச நேரத்துல பேட்டரி மாத்த வர்ற மாதிரி மேசைக்கு வந்தான். மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

"பாத்தியா?"ன்னான்.

"பாத்தேன்."

"அவதானே?"

"தழும்பு இருக்கு அண்ணா."

பேட்டரியைக் கழட்டினான், அதையே திருப்பிப் போட்டான்.

"வா, போயிடலாம். உடம்பு சரியில்லைன்னு மேனேஜர்கிட்ட சொல்லிக்கலாம்"னேன்.

"அவ கல்யாணத்துக்குப் படம் இல்லாம போயிடும்."

"அடடா, இப்பத்தான் பொறுப்பு பொத்துக்கிட்டு வருதோ?" வாய் தவறி வந்துடுச்சு. எனக்கே சுருக்குன்னு இருந்துச்சு. அவனுக்குக் கோவம் வரலை.

"அவளுக்கு இன்னிக்காவது ஒழுங்கா வேலை பாக்கறேன். இவ்வளவுதான் என்னால முடியும், விடு"ன்னுட்டுப் போயிட்டான்.

அப்புறம் வந்துச்சு பாருங்க படம்! அப்படி ஒரு படத்தை அவன் அதுக்கு முன்னாடி எடுத்ததில்லை. அவ குனியறது, அவ யாரையோ பாத்துக் கண்ணு விரியறது, மாப்பிள்ளை காதுல ஏதோ சொல்ல அவ உதட்டைக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கறது. பிரிண்ட் போடவே எனக்கு மனசு வரலை, பாத்துக்கிட்டே இருந்தேன். வரிசையில நின்னவங்க "எங்க படம் எங்கம்மா?"ன்னு சத்தம் போட்டாங்க. "வரும், வரும், உங்க படம் ஓடியா போயிடும்?"னு நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன். கண்ணு ரெண்டும் கலங்கித் தொலைச்சுது.

மேசை முன்னாடி நிழல் தட்டுச்சு. நிமிர்ந்தா அண்ணி.

"அண்ணி"ன்னு எழுந்துட்டேன். பழக்கம் எங்கே போகும்?

அவங்க சுத்தும் முத்தும் பாத்தாங்க. "உக்காரு. யாராவது பாத்துடப் போறாங்க"ன்னாங்க. "தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"சத்தியமா இல்லை அண்ணி. மேனேஜர் சொன்ன வேலை."

"அவர் குடிச்சிருக்காரா?"

"விட்டு எத்தனையோ வருஷமாச்சு."

அண்ணி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. அழுதாங்களான்னு எனக்குத் தெரியலை. "நல்லா இருக்கட்டும். ஆனா அவளைப் பொறுத்தவரைக்கும் அவ அப்பா செத்துட்டார். இன்னிக்குப் போய் அவர் உயிரோட வர வேண்டாம். உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"ஐயோ, என்ன அண்ணி பேசறீங்க? அவன் வாயைத் திறக்க மாட்டான்."

"நீ?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் என்ன தப்பு பண்ணினேன்? நான் அந்தக் குழந்தைக்குச் சோறு ஊட்டினவ, எனக்கு யாரு 'போயிட்டு வர்றோம்'னு ஒரு வார்த்தை சொன்னாங்க? ஆனா அவங்க மூஞ்சியைப் பாத்ததும் எல்லாம் அடங்கிப் போச்சு. ஒத்தை ஆளா வளர்த்து மேடை வரைக்கும் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. "நானும்தான்"னேன்.

மத்தியானம் கூட்டம் குறைஞ்சதும் குடும்பப் படம் எடுக்கற நேரம். அதுக்கு லைட்டை மாத்தி வைக்கணும். லைட்டை மாத்தினா நிறம் மாறிடும். எல்லார் முகமும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிடும். அதுக்குன்னு எங்ககிட்ட ஒரு சாம்பல் நிற அட்டை இருக்கு. கிரே கார்டும்போம். பொண்ணு பக்கத்துல அந்த அட்டையைப் பிடிச்சு ஒரு படம் எடுத்துக்கிட்டா, அந்த அட்டையை வெச்சு மொத்தப் படங்களோட நிறத்தையும் சரி பண்ணிடலாம். நாங்க ரெண்டே பேர்ங்கறதால, கேமராவை ஸ்டாண்டுல போட்டுட்டு அண்ணனே போய் அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். நான் இங்க இருந்தே லேப்டாப்புல தட்டி எடுப்பேன். வேலை முடிஞ்சதும் அந்தப் படத்தை அழிச்சுடுவோம். எத்தனையோ பொண்ணுங்க பக்கத்துல அட்டையும் கையுமா என் அண்ணன் நின்னிருக்கான். எல்லாம் குப்பைக்குத்தான் போயிருக்கு.

திரையில பாத்துக்கிட்டே இருந்தேன். அவ நாற்காலியில உக்காந்திருந்தா. இவன் அட்டையோட அவ பக்கத்துல போய் நின்னான். என் விரல் பட்டன் மேல. நான் தட்டலை. வேணும்னேதான் தட்டலை. பெத்தவனும் பொண்ணும் ஒரே கட்டத்துக்குள்ள நின்னதே இல்லை. எடுத்தவன் அவன், எப்படி நிப்பான்? கொஞ்சம் நிக்கட்டுமேன்னு விட்டேன்.

அவளுக்குக் களைப்பு. மூஞ்சி தொங்கிப் போயிருந்துச்சு. இவன் குனிஞ்சு என்னவோ சொன்னான். எனக்குக் கேக்கலை, வாயசைஞ்சதுதான் தெரிஞ்சுது. ஆனா அவ கை பட்டுனு மூக்குக்குப் போச்சு. போன கையோட சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு! இவன் அட்டையைக் கீழே இறக்கிட்டு, அவளையே பாத்து, வாயெல்லாம் பல்லா நின்னுட்டிருந்தான். தட்டினேன். தட்டினேன். தட்டிக்கிட்டே இருந்தேன்.

நிறத்தைச் சரி பண்ணினேன். அழிக்க வேண்டிய படத்தை அழிக்கலை. பிரிண்ட் போட்டேன். சாயங்காலம் வண்டியில ஏறினதும் அவன் மடியில போடலாம்னு, காலி அட்டைங்களுக்கு அடியில சொருகி வெச்சேன். ஒரு படம், ஒரே ஒரு படம் அவனுக்கு இருக்கட்டும்னுதான். அண்ணிக்குக் குடுத்த வாக்கு வேற, இது வேற.

குடும்பப் படமெல்லாம் முடிஞ்சதும் பொண்ணு இறங்கி நேரா என் மேசைக்கு வந்துட்டா. "அக்கா, நான் பாக்கலாமா?"ன்னு கேட்டா. அத்தைன்னு கூப்பிட வேண்டியவ அக்காங்கறா. வயசு குறைஞ்சதேன்னு சந்தோஷப்படவா முடியும்? "பாரும்மா"ன்னேன்.

படங்களைப் பாத்துக்கிட்டே வந்தவ, அட்டைங்களைத் தள்ளினா. அடியில இருந்த படம் வெளியே வந்துடுச்சு. நான் கையை நீட்டறதுக்குள்ள எடுத்துட்டா.

"ஐ! இதுதான்க்கா! இதுல எவ்வளவு நல்லா சிரிச்சிருக்கேன்!"

"அது சும்மா, நிறம் பாக்க எடுத்ததும்மா. கணக்குல வராது."

"எனக்கு இதுதான் வேணும்." படத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் குரலை இறக்கிக்கிட்டு, கூடப் பொறந்தவகிட்ட சொல்ற மாதிரி சொன்னா. "அந்த அங்கிள் மூக்கைக் காணோம்னாருக்கா. எங்கப்பாவும் என்னைச் சிரிக்க வைக்க அப்படித்தான் சொல்வாராம். எனக்கு ரெண்டு வயசுலயே இறந்துட்டார். அவரைப் பத்தி அம்மா எங்கிட்ட சொன்ன ஒரே விஷயம் இதுதான். வேற எதைக் கேட்டாலும் எழுந்து போயிடுவாங்க. அவர் படம்கூட ஒண்ணு கிடையாது."

அவளுக்குப் பின்னாடி அண்ணன் நின்னுட்டிருந்தான். லைட் ஸ்டாண்டை மடக்கி எடுத்துக்கிட்டு வந்தவன், அப்படியே குத்துக்கல்லா நின்னுட்டான்.

அவ திரும்பினா. "அங்கிள்! நீங்க எப்படிக் கரெக்டா அதைச் சொன்னீங்க?"

சொல்லுடான்னு மனசுக்குள்ள கத்தினேன். வாக்காவது மண்ணாங்கட்டியாவது, சொல்லித் தொலைடான்னு கத்தினேன்.

"எல்லாக் கேமராக்காரனும் சொல்றதுதாம்மா. குழந்தைங்களுக்கு"ன்னான்.

"நான் குழந்தையா?"

"கேமரா முன்னாடி எல்லாரும் குழந்தைதான்."

அவ சிரிச்சா. கொஞ்சம் ஏமாந்த மாதிரியும் இருந்துச்சு. அப்புறம் எங்கிட்ட, "அக்கா, இதுல அங்கிளை மட்டும் எடுத்துட்டுப் பெருசா ஒண்ணு போட்டுத் தர்றீங்களா? அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க"ன்னா.

"இதுல தப்பா நெனைக்க என்னம்மா இருக்கு"ன்னான் அவன்.

பாதியா வெட்டினா அரை நிமிஷ வேலை. அதுதான் சுலபம். வெட்டறதுக்குக் கோடு போட்டேன்.

"வெட்டாதீங்கக்கா!"ன்னு என் கையைப் பிடிச்சா. சின்னதுல பிடிச்ச அதே கை. "ஆளை மட்டும் எடுங்க. இடம் அப்படியே காலியா இருக்கட்டும். எங்கப்பா அங்க நிக்கறார்னு நெனச்சுக்குவேன். கிறுக்குத்தனமா இருக்கா?"

"இல்லைம்மா"ன்னேன். வேற என்னத்தைச் சொல்ல?

மாப்பிள்ளை கூப்பிட்டான்னு, கையில இருந்த படத்தை மேசையில வெச்சுட்டு அவ அந்தப் பக்கம் போனா. "அஞ்சு நிமிஷத்துல வர்றேன்க்கா." அண்ணன் என் பக்கத்துல வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தான்.

"எடு"ன்னான்.

"என்னால முடியாது."

"அவ வந்துடுவா. எடு."

எடுத்தேன். என் கூடப் பொறந்தவனை என் கையாலயே எடுத்தேன். முதல்ல அந்தச் சிரிச்ச முகம். பக்கத்துல இருந்த பூவைக் கொண்டாந்து அது மேல பூசினேன். அப்புறம் தோள். அப்புறம் அட்டை பிடிச்ச கை. அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கலை. "அவ கை மேல என் நிழல் விழுந்திருக்கு பாரு. ஆளை எடுத்துட்டு நிழலை விட்டா அசிங்கமாத் தெரியும்"னான். நிழலையும் எடுத்தேன். "புருவத்துத் தழும்பு?"ன்னான். "அது ஒண்ணுதான் உன்னுதுன்னு அவகிட்ட இருக்கு, அதையும் எடுக்கணுமா?"ன்னு கேட்டேன். "எடுத்துடு. நிழல், தழும்பு ரெண்டும் நான் பண்ணினதுதானே"ன்னான்.

பிரிண்ட் வந்து சூடு ஆறறதுக்குள்ள அவ வந்துட்டா. வாங்கிப் பாத்தா. சிரிக்கறா அவ, பக்கத்துல ஒரு ஆள் நிக்கற அளவுக்கு வெறும் பூ. அந்த இடத்தை விரலால லேசாத் தடவினா. "அதுக்குள்ளயா! ஆள் இருந்த சுவடே தெரியலைக்கா"ன்னா. அண்ணனைப் பாத்து, "தேங்க்ஸ் அங்கிள்"னு சொல்லிட்டு ஓடிட்டா. மண்டபத்து அந்தக் கோடியில அண்ணிகிட்ட படத்தைக் காட்டினதைப் பாத்தேன். அண்ணி வாங்கிப் பாத்தாங்க. அப்புறம் தலையை நிமிர்த்தி எங்க மேசையைப் பாத்தாங்க. கிட்டத்துல வரலை.

எனக்குப் பொறுக்கலை. "டேய் அண்ணா, எழுந்து போடா. போய்ச் சொல்லு. அண்ணி திட்டினா திட்டட்டும், அந்தப் புள்ளை உனக்காக ஏங்கிட்டிருக்குடா"ன்னேன். பேர் சொல்லாத குறையா அவனைப் பிடிச்சு உலுக்கினேன்.

"எனக்காக இல்லை"ன்னான். "செத்துப் போன அவ அப்பாவுக்காக. அந்த ஆளுக்குத்தான் அவ பக்கத்துல இடம் விட்டிருக்கா. நான் உயிரோட போய் நின்னா அந்த இடமும் போயிடும். குடிச்சுட்டுக் குழந்தையை அம்போன்னு விட்டவன்தான் மிஞ்சுவான்."

நான் வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். படம் வாங்க வந்த பெரியவர் ஒருத்தர், "பொண்ணு வீட்டுக்காரங்களா?"ன்னு கேட்டார். "இல்லைங்க, கண்ணுல தூசி"ன்னேன்.

சாமானெல்லாம் கட்டும்போது, முதல்ல போட்ட படத்தை எடுத்து அவன் கையில வெச்சேன். அவனும் அவளும் சேர்ந்து சிரிக்கறது. "இந்தா, உனக்குன்னு போட்டது. யாருக்கும் காட்டாதே."

ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் திருப்பி என் மேசையிலயே வெச்சுட்டான்.

"இது வேண்டாம். அவ எடுத்துட்டுப் போனாளே, அதுல ஒண்ணு போடு."

"அதுல நீ இல்லையேடா!"

"தெரியும். அவகிட்ட இருக்கறதே என்கிட்டயும் இருக்கட்டும்."

கட்டி வெச்ச பிரிண்டரைப் பிரிச்சு மறுபடியும் வயரைச் சொருகினேன். தாள் உள்ளே போய் வெளியே வந்துச்சு, முதல்ல மஞ்சளா, அப்புறம் செவப்பு ஏறி, அப்புறம் நீலம் ஏறி. அவன் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தான். படம் முழுசா விழுந்ததும் எடுத்து, சூடு ஆற ரெண்டு தடவை ஊதி, கேமரா பையில அந்த சாம்பல் அட்டை இருக்கற அறையில வெச்சு ஜிப்பைப் போட்டான்.